பத்து இருபதுக்கு எழுதிய ‘முழு விரிவு’

என் வலக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒட்டியிருக்கும்போது நுனியில் மூன்று சென்ரிமீற்றர் அகலம். அகட்டினால் எட்டு வரை போகும். அதற்கு மேல் தேவைப்படுவதில்லை. அந்தக் கட்டத்தில் விரல் கருப்பை வாயின் விளிம்பைத் தேடிக்கொண்டு போகும்போது விளிம்பு இல்லாமல் போயிருக்கும். ஓய்வுபெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. அடையாள அட்டை இலக்கத்தை இன்னமும் பார்த்துத்தான் எழுதுகிறேன். இந்த அளவுகள் மட்டும் மறக்கவில்லை.

போன மாதம் மன்னாரில், புதிதாக வேலைக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர்கள் சிலருடன் பேசும்படி என்னை அழைத்தார்கள். எங்கள் காலத்தில் அதே வேலைக்கு மருத்துவிச்சி என்று பெயர். பெயர் நீண்டிருக்கிறது, பிரசவம் குறைந்திருக்கிறது. அங்கிருந்த ஒருவர்கூட ஒரு வீட்டுப் பிரசவத்தையும் கண்டதில்லை. அதில் எனக்குத் துக்கமில்லை. ஆசுபத்திரியில் பிறக்கிற பிள்ளைக்கு ஆபத்துக் குறைவு. வந்திருந்தவர்களில் ஒரு பிள்ளை மட்டும் எழும்பிக் கேட்டாள்.

“அம்மா, கரண்டும் இல்லாத வீடுகள். எவ்வளவு திறந்திருக்கெண்டு எப்பிடிப் பாத்தனீங்கள்?”

“வெளிச்சம் இருந்தாலும் பாக்கேலாது பிள்ளை. அது கண்ணுக்குத் தெரியிற இடத்தில இல்லை” என்றேன்.

சிரித்தார்கள். அதற்குள் மதியச் சாப்பாட்டுப் பொதி வந்துவிட்டது. பொதி வந்த பிறகு எந்த அறிவும் செல்லாது என்பதை இத்தனை கால அரச சேவையில் நான் கற்றிருக்கிறேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொழும்பில் ஒன்றரை வருடம். ஒரு பலகையில் ஒன்றிலிருந்து பத்து சென்ரிமீற்றர் வரை வட்டத் துளைகள் வெட்டி, மேலே துணி போட்டுக் கொடுப்பார்கள். துணிக்குக் கீழே விரலை விட்டு அளவு சொல்லவேண்டும். நான் அதில் கெட்டிக்காரி. பலகை அசையாது, கத்தாது, துளை எப்போதும் எங்கள் முகத்துக்கு நேராக இருக்கும். பெண்ணின் கருப்பை வாய் இந்த மூன்று உதவிகளில் ஒன்றையும் செய்வதில்லை என்பதைப் பிரசவ அறைக்குப் போன முதல் நாளே அறிந்துகொண்டேன்.

அன்று அறிந்த இன்னொன்றும் உண்டு. மூடியிருக்கும் கருப்பை வாய் மூக்கு நுனியைப் போல இறுக்கமாக இருக்கும். நேரம் நெருங்க உதட்டைப் போல மென்மையாகும். பிறகு ஒரு கடதாசியின் ஓரம் போல மெலிந்து, விலகி, மேலே ஏறி, இருந்த இடம் தெரியாமல் போய்விடும். ஒன்பது மாதம் ஒரு பிள்ளையின் பாரத்தைத் தாங்கி மூடியிருந்த தசை, ஒரே நாளில், யாருடைய கையொப்பமும் இல்லாமல், தானே வழிவிடுகிறது. நான் தொட்டுப் பார்த்த பெண்களின் தொகை பதிவேடுகளில் இருக்கும். அந்த விளிம்பு விரலுக்குக் கீழே விலகும்போது என் பிடரி மயிர் கூச்செறியாத ஒரு தடவைகூட எனக்கு நினைவில்லை. கதை அளப்பவள் என்று என்னை யாரும் சொன்னதில்லை. இதை மட்டும் நம்புங்கள்.

என் முதல் நியமனம் மன்னார்த் தீவில். எழுபதுகளின் தொடக்கம். மேற்பார்வை செய்தவர் சிஸ்டர் நாகரத்தினம். எங்கள் பக்கத்தில் சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரி என்று நினைப்பார்கள். இவர் தாதிச் சகோதரி, யாழ்ப்பாணத்து இந்து. வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, கைப்பைக்குள் ஒரு அடிமட்டம். வேலைக்கு வந்த முதல் நாளே அந்த அடிமட்டத்தை என் விரலில் வைத்து அளந்து என் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதினார். “இரண்டு விரல் எண்டு எழுதினால் ஆரின்ர விரல் எண்டு எனக்குத் தெரியவேணும்” என்றார்.

அவரிடம் விதிகள் நிறைய இருந்தன. ஏழு நிமிடம் கை கழுவவேண்டும். முழங்கை வரைக்கும், நகத்துக்குத் தூரிகை போட்டு. முதலில் வயிற்றைக் கையால் தடவிப் பிள்ளையின் கிடையைப் பார், பிறகு குழலை வைத்துக் காதால் கேள், கடைசியாகத்தான் விரல். ஒருமுறை பார்த்தால் நான்கு மணித்தியாலம் போகும்வரை மறுபடி கை வைக்காதே; ஒவ்வொரு தடவையும் கிருமிக்கு ஒரு அழைப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, தொடங்கிய கைதான் முடிக்கவேண்டும். ஒருத்தி பார்த்ததை இன்னொருத்தி பார்த்தால் இரண்டு பேரும் இரண்டு கணக்குச் சொல்வார்கள், நடுவில் கிடப்பவள்தான் அவதிப்படுவாள் என்பார். நான் கை கழுவும்போது அவர் வெளியே நின்று தண்ணீர் வார்க்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஆறு நிமிடத்தில் சத்தம் நின்றால் உள்ளே வந்து, செம்பை எடுத்து மறுபடி வார்ப்பார்.

எனக்கு அவரில் பயம். பிடிக்கவும் செய்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

ஓலைத்தொடுவாயில் பிலோமினா என்று ஒரு பெண். புருஷன் கடற்றொழில். அவளுக்கு அது இரண்டாம் பேறு. முதல் பேற்றுக்கு, நான் அங்கே வருவதற்கு முன்பு, வலி நீண்டதால் ஆசுபத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த நாளில் ஓலைத்தொடுவாயிலிருந்து போக ஒரே வழி உழவு இயந்திரத்தின் பின்பெட்டி. மணலில் குலுங்கி, பெரிய வீதிக்கு ஏறுமுன்பே அந்தப் பெட்டிக்குள் பிள்ளை பிறந்திருக்கிறது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. அவிழ்க்கத் தெரிந்தவர்கள் யாரும் கூட இருக்கவில்லை.

இந்தத் தடவை ஏழாம் மாதத்திலிருந்தே அவள் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். மருத்துவிச்சியை அங்கே ‘மிசி’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“என்னை அந்தப் பெட்டியில ஏத்தமாட்டன் எண்டு சொல்லுங்கோ மிசி.”

சத்தியம் செய்து கொடுக்க எங்கள் சேவைப் பிரமாணத்தில் இடமில்லை. “உன்ர பிள்ளையின்ர துடிப்பைக் கேட்டுத்தான் நான் எதையும் சொல்லுவன்” என்றேன். “அது சரி, ஆனா பெட்டி வேண்டாம்” என்றாள்.

வலி எடுத்த அன்று காலை ஏழரைக்கு ஆள் வந்தது. சைக்கிளைப் பாதியில் மணலுக்குள் விட்டுவிட்டு நடந்துபோனேன். ஒரு அறை, ஒரு குசினி, முன்னால் ஓலைப் பந்தல். முற்றத்தில் கீரிமீன் கருவாடு காய்ந்தது. வீட்டுக்குள் பெட்டகம், அலுமாரி, அரிசிப் பானை, தையல் பெட்டி என்று மூடியுள்ள எல்லாம் திறந்து கிடந்தன. பேற்று வலி தொடங்கினால் வீட்டில் எந்தப் பூட்டும் பூட்டியிருக்கக்கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். பிலோமினாவின் மாமி மதலேன் வேலிப் படலையைக்கூட விட்டுவைக்கவில்லை. புருஷன் கடலுக்குப் போயிருந்தான்.

எட்டு மணிக்கு நான் பார்த்தேன். தலை நன்றாக இறங்கியிருந்தது. ஆனால் விரலை நேராக விட்டபோது வாயே அகப்படவில்லை. வழுவழுப்பாக, வட்டமாக, தலையைப் போல ஒன்றுதான் தட்டுப்பட்டது. பயிற்சியில் ஒரு தடவை மட்டும் இப்படிச் சந்தித்திருக்கிறேன். தலை கீழே அழுத்தும்போது கருப்பையின் முன்சுவர் அதன்மேல் பலூன் போல மெலிந்து விரிந்துகொள்ளும். வாய் பின்னால், முதுகெலும்பின் பக்கமாக ஒதுங்கிவிடும். கையை நன்றாகப் பின்னால் திருப்பி எட்டிப் பிடித்தேன். இருந்தது. இரண்டு விரல். விளிம்பு இன்னும் தடிப்பு.

“எவ்வளவு?” என்று மாமி கேட்டார்.

“ரெண்டு விரல்.”

“கீரிவலைக் கண்ணளவு” என்றார். வலைக் கண்ணையும் விரலால் அளப்பவர்கள். அவர்களுக்கு என் கணக்கு விளங்க ஒரு நாளும் பலகை தேவைப்பட்டதில்லை.

பத்து மணிக்குச் சிஸ்டர் நாகரத்தினம் வந்தார். முன்னறிவித்தல் இல்லாத மேற்பார்வை. பேசாலை பஸ்ஸில் இறங்கி, குடையோடு மணலில் நடந்து வந்திருந்தார். முதல் வேலையாக, தூசி, ஈ என்று சொல்லித் திறந்து கிடந்தவற்றையெல்லாம் மூடச் சொன்னார். மதலேன் ஒவ்வொன்றாக மூடினார். கடைசி மூடி கொஞ்சம் பலமாக விழுந்தது.

அந்த மாதம்தான் மேற்பார்வைப் படிவம் மாறியிருந்தது. ‘மேற்பார்வையாளர் நேரில் பரிசோதித்தாரா? ஆம் / இல்லை’ என்று புதிதாக ஒரு நிரல். கந்தோரில் இருந்த யாரோ, ஒரு பிரசவத்தையும் காணாதவர், கதிரையில் இருந்து யோசித்தது. தன் விதியைத் தானே உடைக்க சிஸ்டருக்கு விருப்பமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அவர் படிவத்தில் பொய் எழுதுகிற ஆளும் இல்லை. கை கழுவினார். ஏழு நிமிடம். பார்த்தார்.

“முழு விரிவு” என்றார். மணிக்கூட்டைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினார்: பத்து இருபது.

அந்த இரண்டு சொல்லுக்கு ஒரு சட்டம் உண்டு. முழுதாகத் திறந்துவிட்டால் தாய் முக்கவேண்டும். இரண்டாம் பேற்றில் ஒரு மணித்தியாலத்துக்குள் பிறக்காவிட்டால் ஏதோ தடை இருக்கிறது, ஆசுபத்திரிக்கு அனுப்பவேண்டும். சிஸ்டர் எதையும் கடைசி நிமிடத்துக்கு வைப்பவர் அல்ல. உழவு இயந்திரத்தைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தும்படி மதலேனிடம் சொன்னார். பிலோமினாவுக்குக் கேட்டது. அவள் என்னைத்தான் பார்த்தாள்.

எனக்குச் சந்தேகம் உடனே வரவில்லை என்பதை எழுதியே ஆகவேண்டும். இரண்டு மணித்தியாலத்தில் இரண்டு விரலிலிருந்து முழுதாகத் திறப்பது இரண்டாம் பேற்றில் நடக்கிற காரியம். சிஸ்டரின் கை என்னுடையதைவிட இருபது வருடம் மூத்தது. நானும் சேர்ந்துதான் “முக்கு பிள்ளை, முக்கு” என்றேன். அவளும் முக்கினாள். பெட்டியில் ஏறாமல் இருக்க முக்கினாள். முகம் கறுத்து, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் இரத்தம் கட்டும்வரை.

பத்து நாற்பத்தைந்துக்கு உழவு இயந்திரம் வந்தது. ஓட்டுபவர் சூசை. எஞ்சினை நிறுத்தவில்லை. “பற்றறி செத்துப்போச்சு. நிப்பாட்டினா திரும்ப ஸ்ராட் வராது” என்று முற்றத்திலிருந்து சத்தம் போட்டார். அந்த இரைச்சல் வீட்டுக் கூரைத் தகரத்தை அதிரவைத்தது.

அடுத்த வலி ஓய்ந்ததும் பிலோமினா மூச்சு வாங்கிக்கொண்டே, “மாமி, அந்தப் புகையில கருவாடு நாறப்போகுது. தூக்கி அங்கால போடுங்கோ” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முழுதாகத் திறந்துவிட்ட பெண் கருவாட்டை நினைப்பதில்லை. அவள் வேறொரு இடத்துக்குப் போய்விடுவாள், கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். முக்காதே என்று சொன்னாலும் அவளால் முக்காமல் இருக்க முடியாது. இவளோ நாங்கள் சொன்னால் முக்குகிறாள், சொல்லாவிட்டால் கருவாடு பார்க்கிறாள். நான் குழலை வயிற்றில் வைத்தேன். ஒவ்வொரு முக்கலுக்குப் பிறகும் பிள்ளையின் துடிப்பு மீண்டு வர எடுக்கும் நேரம் கூடிக்கொண்டு போனது. திறக்காத வாசலில் அந்தத் தலையை வைத்து இடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு மருத்துவிச்சி தன் மேற்பார்வையாளருக்கு, ஒரு குடும்பத்தின் முன்னால், உங்கள் கை பிழை என்று சொல்லும் படிவம் அன்றும் இருக்கவில்லை, இன்றும் இல்லை. அவருக்குப் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னேன்.

“சிஸ்டர், எட்டு மணிக்கு வாய் நல்லாப் பின்னால கிடந்தது. நேர விரல் விட்டால் சுவர்தான் பட்டது. நீங்கள் பாக்கேக்க விளிம்பு பிடிபட்டதோ?”

எஞ்சின் இரைந்தது. நான் தண்டனை இடமாற்றத்தை நினைத்துக்கொண்டேன். முருங்கன், மடு, அதற்கும் அப்பால்.

“இல்லை” என்றார் சிஸ்டர். “விளிம்பு இல்லையெண்டுதான் முழுசு எண்டு எடுத்தனான்.”

எழும்பிப் போய்க் கை கழுவினார். அந்த நேரத்திலும் ஏழு நிமிடம். இரண்டு வலி வந்து போயின. முக்கவேண்டாம், அடுப்பு ஊதுவது போல ஊது என்று நான் பிலோமினாவைப் பிடித்துக்கொண்டேன். சிஸ்டர் முழங்காலில் இருந்து, கண்ணை மூடி, கையைப் பின்பக்கமாக எட்ட விட்டார். அவருடைய முகம் மாறுவதைப் பார்த்தேன்.

“இருக்கு” என்றார். “மூண்டு விரல். முன்விளிம்பு வீங்கத் தொடங்கியிட்டுது. அது நான் முக்கவைச்ச வேலை.”

பிறகு அவர் செய்ததுதான் என்னை இன்றுவரை வியக்க வைப்பது. பதிவேட்டை எடுத்தார். பத்து இருபதுக்கு எழுதியதை, வாசிக்கக்கூடியபடி, ஒரே ஒரு கோட்டால் வெட்டினார். ‘பிழை. நான் பார்த்தது முன்சுவர். பதினொன்று ஐந்து: மூன்று விரல், வாய் பின்புறம்’ என்று எழுதிக் கையொப்பம் வைத்தார். அதிகாரிகள் பதிவுகளைத் திருத்துவதை நான் நிறையக் கண்டிருக்கிறேன். கதவைப் பூட்டிக்கொண்டு, பெரும்பாலும் மற்றவர்களுடைய பக்கங்களை.

பதிவேட்டோடு அவர் நிற்கவில்லை. பந்தலுக்குக் கீழே மதலேனும் அயலவர்களும், இதோ பிறக்கப்போகிறது என்ற செய்தி கேட்டுக் கூடியிருந்தார்கள். வாசலுக்குப் போய், எஞ்சின் சத்தத்துக்கு மேலாக, “நான் பிழையாச் சொல்லிப்போட்டன். இன்னும் நேரம் கிடக்கு. ஆரும் முக்கு எண்டு கத்தவேண்டாம்” என்றார்.

மதலேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “பெட்டகத்தைப் பூட்டச் சொன்னது ஆர்?”

“நான்தான்.”

“பிறகென்ன.”

“திறந்து விடுங்கோ” என்றார் சிஸ்டர்.

மதலேன் ஒன்றையும் விடாமல் திறந்தார். இந்த முறை தையல் ஊசிப் பெட்டிக்குள் இருந்த சின்ன டப்பிக்குக்கூட விடுதலை கிடைத்தது.

ஆனால் உழவு இயந்திரத்தைச் சிஸ்டர் அனுப்பவில்லை. விளிம்பின் வீக்கம் கூடினால் வாய் திறக்காது. பிள்ளையின் துடிப்பு விழுந்தால் காத்திருக்க முடியாது. “ரெண்டு மணி வரைக்கும் பாப்பம்” என்று பிலோமினாவிடமே நேராகச் சொன்னார். “அதுக்குள்ள திறக்காட்டி, இல்லாட்டித் துடிப்பு நூறுக்குக் கீழ வந்தால், நானும் உம்மோட அந்தப் பெட்டியில ஏறுவன். உம்மைத் தனிய விடமாட்டன்.”

பிலோமினா, “நீங்கள் ஏறினாலும் பெட்டி பெட்டிதான்” என்றாள்.

இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, இடுப்புக்குக் கீழே தலையணை வைத்தோம். தலையின் அழுத்தம் முன்விளிம்பை விட்டு விலகட்டும் என்பதற்காக. பிறகு மருத்துவத்தில் மிகக் கடினமான சிகிச்சையைச் செய்தோம்: ஒன்றும் செய்யாமல் இருந்தோம். வலி வந்தால் அவள் ஊதினாள். நான் கால் மணிக்கு ஒருமுறை குழலை வைத்தேன். எஞ்சின் இரைச்சலில் துடிப்பைக் கேட்க மற்றக் காதைப் பொத்திக்கொள்ளவேண்டியிருந்தது. சிஸ்டர் சுவரோடு சாய்ந்து, நிலத்தில், வெள்ளைச் சேலையோடு இருந்தார். பன்னிரண்டே கால், பன்னிரண்டரை. அவருடைய பஸ் போய்விட்டது. சூசை இடைக்கிடை எட்டிப் பார்த்து, “அப்ப என்ன மாதிரி?” என்பார்.

ஒரு மணி தாண்டியதும் பிலோமினா பேச்சை நிறுத்தினாள். கேட்டதற்குப் பதில் இல்லை. தொடை நடுங்கியது. மேலுதட்டில் வியர்வை முத்துமுத்தாகக் கட்டியது. ஒன்று முப்பத்தைந்துக்கு வந்த வலியின் உச்சியில், யாரும் சொல்லாமல், தொண்டைக்குள் ஒரு உறுமல்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். “நீர் தொடங்கின கை. நீர் பாரும்.”

கழுவிவிட்டு வந்து பார்த்தேன். இந்த முறை பின்னால் எட்டத் தேவைப்படவில்லை. வாய் முன்னுக்கு வந்திருந்தது. சுற்றிலும் ஒன்றுமில்லை; முன்பக்கத்தில் மட்டும், தலைக்கும் எலும்புக்கும் இடையில், சுண்டுவிரல் தடிப்பில் ஒரு உதடு. என் விரல் அதில் இருக்கும்போதே அடுத்த வலி வந்தது. நான் தள்ளவில்லை, இதைச் சத்தியமாகச் சொல்வேன். ஈர மணலில் கால் வைத்தால் பாதத்தைச் சுற்றி நீர் உள்வாங்கிப் போகுமே, அப்படி அந்த உதடு என் விரலுக்குக் கீழேயிருந்து மெலிந்து, நழுவி, தலைக்கு மேலே ஏறிப் போனது. அது இருந்த இடத்தில் ஈர மயிர் தட்டுப்பட்டது. பிள்ளையின் மயிர். காலையிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சட்டம் பேசிக்கொண்டிருந்த வாசல், எங்களைக் கேட்காமல் திறந்துவிட்டது.

“சொல்லும்” என்றார் சிஸ்டர்.

“முழு விரிவு, சிஸ்டர்.”

அவர் கை கழுவ எழும்பவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார், நான் சொன்னபடி எழுதினார். பிறகு மேற்பார்வையாளர் நிற்கவேண்டிய கால்மாட்டை விட்டுத் தலைமாட்டுக்குப் போய், பிலோமினாவின் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஒன்று ஐம்பத்திரண்டுக்குப் பிறந்தது. பெண். கழுத்தில் கொடி ஒரு சுற்று, தளர்வாக. தலை வந்ததும் விரலால் தூக்கி எடுத்துவிட்டேன். உடனே அழுதது. கொடி துடிப்பு அடங்கியதும் கட்டி வெட்டி, துடைத்து, தாயின் நெஞ்சில் வைத்தேன். மதலேன் வாசலில் முழங்கால்படியிட்டு மாதாவை அழைத்துக்கொண்டிருந்தார்.

பிலோமினா பிள்ளையின் காதைத் தன் உள்ளங்கையால் மூடினாள்.

“மிசி, அந்த மனிசனை எஞ்சினை நிப்பாட்டச் சொல்லுங்கோ.”

சிஸ்டர்தான் எழும்பி வாசலுக்குப் போனார். சேலையின் முன்பக்கம் முழுவதும் இரத்தமும் ஈரமும்.

“நிப்பாட்டும்.”

“நிப்பாட்டினா இண்டைக்குத் திரும்ப வராது சிஸ்டர்” என்றார் சூசை. “பிறகு உங்களுக்கும் போக வழியில்லை.”

“நடப்பன். நிப்பாட்டும்.”

எஞ்சின் இரண்டு தரம் இருமி, ஓய்ந்தது. மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு கடல் கேட்டது. பிலோமினா பிள்ளையின் காதிலிருந்து கையை எடுத்தாள்.